நாலு பெல்ட்

வேதமாணிக்கத்துக்கு முன்னால் இன்னும் ஆறு பேர் இருந்தார்கள். ஆறும் பால்பல் விழுந்தும் விழாததுமான உருப்படிகள். மேடைக்குப் பக்கவாட்டில் போட்டிருந்த பெஞ்சில், ஆளுக்கொரு கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு காலை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். ஏழாவதாக அவர். அறுபத்திரண்டு வயது, ரிட்டையரான லைன் இன்ஸ்பெக்டர். சர்க்கரைக்கு ஒன்று, ரத்தக்கொதிப்புக்கு ஒன்று என்று காலையில் போட்ட மாத்திரைகள் இன்னும் நெஞ்சுக்குழியில் கரையாமல் நிற்கிற மாதிரி இருந்தது. அவருக்கு மட்டும் கால் தரையில் எட்டியது, அதனால் ஆட்ட முடியவில்லை. எல்லாரும் ஹெப்சியின் சனிக்கிழமை கிட்டார் வகுப்பு. வருஷத்துக்கு ஒருமுறை, சபையார் எல்லாரும் ஒன்றாகப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற அசனத்தன்று, சாப்பாட்டுக்கு முன்னால் வகுப்புப் பிள்ளைகள் மண்டபத்தில் வாசித்துக் காட்ட வேண்டும். போன வருஷம் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டார். இந்த வருஷமும் அந்தக் காய்ச்சலை வரவழைத்திருக்கலாம். பின்வாசல் பக்கமிருந்து ஆட்டுக்கறிக் குழம்பு கொதிக்கிற வாசனை வந்தது. முதல் பிள்ளை எழுந்து மேடைக்குப் போனது. சுவரோரம் கிட்டார் உறைகள் கிடந்தன. எண்ணாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதற்குள் எண்ணிவிட்டார். ஏழு. உறையை எண்ணினால் உறை எத்தனை என்றுதான் தெரியும். ஆளை எண்ண வேண்டும். பெஞ்சில் ஐந்து, மேடையில் ஒன்று, தான் ஒன்று. சரியாக இருந்தது. ஆனால் மேலே பார்க்கவில்லை. மண்டபத்துக் கூரைக்குக் கீழே குறுக்காக ஓர் இரும்புச் சட்டம் ஓடுகிறது. வந்த முதல் நாளே அதைப் பார்த்துவிட்டார், அதற்குப் பிறகு இரண்டு வருஷமாக அந்தப் பக்கம் தலையைத் தூக்கியதில்லை. கழுத்து வலி என்று நேசத்திடம் சொல்லியிருந்தார். நேசம் அவர் சம்சாரம். அவளும் தைலம் தேய்த்துவிடுவாள்.

இடது கை விரல் நுனிகளைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். தோல் காய்த்துப் போயிருந்தது, கிட்டார் காய்ப்பு. வலது உள்ளங்கையில் இருப்பது பழைய காய்ப்பு, முப்பத்தைந்து வருஷம் கயிறும் குறடும் பிடித்தது, அது கட்டையோடுதான் போகும். இந்த வயசில் போய்ப் புதுசாக ஒரு காய்ப்பு வாங்கி வந்திருக்கிறீர்களே என்று நேசம் சிரிப்பாய்ச் சிரித்தாள். பேரன் வாசிக்க வேண்டியதைத் தாத்தா வாசித்தால் பேரன் போய்ப் பென்ஷன் வாங்குவானா என்று கேட்டாள். அவளிடம் என்னத்தைச் சொல்ல. கிட்டார் கற்றுக்கொள்ள அவர் போகவே இல்லை. ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் போனார். ரிட்டையரான மூன்றாம் மாதம், இனி வேலை போகாது, இனி யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்ற அற்பத் தைரியம் வந்தபிறகு, ஒரு சனிக்கிழமை, சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு இந்த மண்டபத்துப் படியேறினார். உள்ளே ஹெப்சி தனியாக உட்கார்ந்து கிட்டாருக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தாள். தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, கீழுதட்டைக் கடித்துக்கொண்டு. அப்படியே அவள் அப்பன் கிதியோன். வேதமாணிக்கத்துக்கு மனப்பாடம் செய்தது அத்தனையும் மறந்துபோயிற்று. பேரப்பிள்ளையைச் சேர்க்க வேண்டுமா என்று அவள் கேட்டாள். பேரப்பிள்ளை இல்லை, எனக்குத்தான் கற்றுக்கொள்ள ஆசை என்றார். அப்படி ஒரு பொய் எங்கே இருந்து வந்ததோ. அவள் முகம் மலர்ந்து நோட்டை எடுத்துப் பேரை எழுதினாள். அடுத்த வாரம் போனபோது மாமா என்று கூப்பிட்டாள். பேரைச் சொன்னதும் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டதாம். செத்த அப்பாவை மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்த மனுஷன் அவர்தான் என்று அம்மா சொன்னாளாம்.

மேடையில் இரண்டாவது பிள்ளை பாதியில் நின்று, மூக்கை உறிஞ்சி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. சபை கைதட்டியது. வேதமாணிக்கம் தன் கிட்டாரை மடியில் சரித்து, வலது புறங்கையால் கம்பிகளை லேசாகத் தொட்டு எடுத்தார். அவராகச் செய்வதில்லை, கை தானாகச் செய்வது. லைன் வேலைக்குப் போனவன் எந்தக் கம்பியையும் முதலில் உள்ளங்கையால் தொட மாட்டான். கரண்டு இருந்தால் கை உள்பக்கமாகச் சுருளும். உள்ளங்கையால் தொட்டவன் கம்பியையே இறுக்கிப் பிடித்துக்கொள்வான், புறங்கையால் தொட்டவனுக்குக் கை தன் பக்கமே திரும்பி வந்துவிடும். துணி காயப்போடுகிற கொடியைக்கூட அவர் அப்படித்தான் தொடுவார். கல்யாணமான புதிதில் தன் தோளையும் அப்படித்தான் தொட்டார் என்று நேசம் இன்னமும் சொல்லிச் சிரிப்பாள். முதல் வகுப்பில் அவர் கம்பியை அப்படித் தொட்டதைப் பார்த்து ஹெப்சி வாசிப்பதையே நிறுத்திவிட்டாள். அவள் அப்பாவும் இப்படித்தான் தொடுவாராம், ஏன் என்று அம்மாவுக்கே தெரியாதாம். அவர் காரணத்தைச் சொன்னார். அவள் அதைக் கேட்டுக்கொண்டு, தன் புறங்கையைக் கம்பியில் ஒருமுறை வைத்துப் பார்த்தாள். மூன்று வயதில் அப்பனைப் பறிகொடுத்த பிள்ளை, அப்பனைப் பற்றிப் புதிதாக ஒரு சங்கதி கிடைத்ததற்கு அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அடுத்த சனிக்கிழமை சொல்லியிருக்கலாம். சனிக்கிழமைக்கா பஞ்சம். ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல்லப் போனார், ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு கார்டு, கம்பிகளைச் சேர்த்து அழுத்துகிற ஒரு பிடி, கற்றுக்கொண்டு திரும்பினார். ஏ மைனர் வந்தது. ஜி வந்தது. எஃப் மட்டும் வரமாட்டேன் என்று அடம் பிடித்தது. அதற்கு ஆள்காட்டி விரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே கிடத்தி அழுத்த வேண்டும். அவர் விரல் கிடந்தால் இரண்டு கம்பியாவது செத்த சத்தம் போடும். இன்றைய பாட்டில் எஃப் நாலு இடத்தில் வருகிறது.

விரலைக் குறுக்கே கிடத்திப் பார்த்தார். குறுக்கே கிடக்கிற எதைப் பார்த்தாலும் அந்தக் கம்பத்தின் குறுக்குச் சட்டம் வந்துவிடும். சட்டத்தில் தொங்குகிற ஸ்பேனர் பை. சங்கரன்கோவில் தாண்டிக் கரிசல் காடு, சித்திரை வெயில், இன்சுலேட்டர் மாற்றுகிற வேலை. சப்-ஸ்டேஷனில் சொல்லி லைனை நிறுத்தி வைத்து வேலை. நிறுத்தச் சொன்னவர் வேதமாணிக்கம், நிறுத்தச் சொன்னவர்தான் மறுபடி விடவும் சொல்ல வேண்டும். மேலே ஏறுகிறவர்கள் நாலு பேர், நாலு பேருக்கு நாலு பெல்ட். இறங்குகிறவன் முதல் காரியமாக, கம்பத்தோடு ஆளைக் கட்டுகிற இடுப்புப் பெல்ட்டை அவிழ்த்து வேப்பமரத்தடியில் போட வேண்டும், அவர் ஆட்களிடம் அது அவர் வைத்த சட்டம். தலையை எண்ணினால் ஒருத்தன் ஒதுங்கப் போயிருப்பான், ஒருத்தன் தண்ணீருக்குப் போயிருப்பான், தேடிக்கொண்டு திரிய வேண்டும். பெல்ட் எங்கும் போகாது. நாலு பெல்ட் தரையில் கிடந்தால் நாலு பேரும் தரையில் இருக்கிறார்கள். எட்டு வருஷம் ஒரு நாள் தப்பியதில்லை. அன்றைக்கும் நாலு கிடந்தது. மூன்று பேர் வாய்க்காலுக்குக் கை கழுவப் போய்விட்டார்கள். அண்ணாந்து பார்த்தால் சட்டத்தில் ஸ்பேனர் பை. பக்கத்தில் கிதியோன் ஒரு ஞானப்பாட்டை முணுமுணுத்துக்கொண்டு நின்றான், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கிட்டார் வாசிக்கிறவன், அவன் வாய் எப்போதும் எதையாவது முணுமுணுக்கும். ஏல, அந்தப் பைய எடுத்துட்டு வந்துரு என்றார். அவன் குனிந்து பெல்ட்டை எடுத்தான். எடுத்தானா. எடுத்தான், கையில் பிடித்திருந்தான். பெல்ட் எதுக்குல, ஒரு நிமிசத்துல ஏறி எறங்கதுக்கு என்று யார் சொன்னது. இருபத்து நாலு வருஷமாக அந்த வாக்கியத்துக்கு வேறு ஓர் ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறார். அந்த வேப்பமரத்தடியில் வேறு ஆள் இல்லை. கிதியோன் பெல்ட்டைக் கீழே போட்டான். கொக்கி ஒரு கல்லில் பட்டுச் சத்தம் வந்தது.

மூன்றாவது பிள்ளை. இல்லை, நாலாவது. மூன்றாவது எப்போது வந்தது, எப்போது போனது. பெஞ்சில் இரண்டு, மேடையில் ஒன்று, முடித்துவிட்டு அம்மாக்களிடம் போனது மூன்று, தான் ஒன்று. ரைஸ்மில்லில்தான் போன் இருந்தது, நூறடி நடந்தால் போதும். காலையிலிருந்து கரண்டு இல்லை என்று மில்காரர் பிலாக்கணம் வைத்தார். சப்-ஸ்டேஷனுக்குப் போன் லைன் கிடைக்கப் பத்து நிமிஷமாவது ஆகும், அதற்குள் அவன் இறங்கிவிடுவான் என்று நினைத்தார். நினைத்தாரா, இல்லை இப்போது நினைக்கிறாரா. மில்காரரோடு வாய் கொடுத்ததில் கிதியோன் மனசைவிட்டே போய்விட்டான், அதுதான் நிஜம், அதைவிடக் கேவலமான நிஜம் வேறு இல்லை. போன் உடனே கிடைத்துவிட்டது. எல்லாரும் எறங்கியாச்சா என்று அந்தப் பக்கத்தில் கேட்டார்கள். கேட்டாக வேண்டும், முறை. அவர் ஜன்னல் வழியாக வேப்பமரத்தடியைப் பார்த்தார். நாலு பெல்ட். ஜன்னலின் மேல்விளிம்பு மறைத்ததில் கம்பம் இடுப்புவரைதான் தெரிந்தது. கொஞ்சம் குனிந்திருந்தால் மேலேயும் தெரிந்திருக்கும். எல்லாரும் எறங்கியாச்சு என்றார். போனை வைத்தார். மில் மோட்டார் ஓட ஆரம்பித்தது. மில்காரர் சந்தோஷத்தில் ஒரு டீ சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

மூன்றாவது வரிசையில் சற்குணம் உட்கார்ந்திருந்தாள். கிதியோனின் மனைவி. பொடிப்பூப் போட்ட வெள்ளைச் சேலை, மடியில் வேதாகமம். அவர் பார்ப்பதைப் பார்த்து, தைரியமாக வாசியுங்கள் என்பதுபோலத் தலையசைத்தாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவர் வீட்டுக்கு ஒரு டப்பா அச்சுமுறுக்கு கொடுத்து விடுவாள். அதில் ஒன்றுகூட அவர் வாயில் போட்டதில்லை, பல் சரியில்லை என்று நேசத்திடம் சொல்வார். கழுத்து, பல், காய்ச்சல். ஒரு பொய்யைக் காப்பாற்ற உடம்பில் உள்ள உறுப்பெல்லாம் வேலை செய்கிறது. விசாரணையின்போது மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று அதிகாரிகள் இருந்தார்கள். தானா ஏறினான் சார் என்றார். அது பயத்தில் வந்தது, அதை ஆண்டவர் வேண்டுமானால் மன்னிப்பார். பெல்ட்கூடப் போடலை சார் என்று சேர்த்தார். அது பயத்தில் வந்ததில்லை. முதல் வாக்கியத்தை அவர்கள் நம்பாத மாதிரி இருந்தது, அதற்காக யோசித்து, எச்சில் விழுங்கி, இரண்டாவதைச் சேர்த்தார். உடனே நம்பிவிட்டார்கள். ஒருவர் உச்சுக் கொட்டினார். சற்குணத்துக்கும் அதைத்தான் சொல்லி அனுப்பினார்கள். சாவு விழுந்த துஷ்டி வீட்டில் அவள் அவரிடம் சொன்னாள், எங்க வீட்டு அவுக அவசரக்காரவுக அண்ணே, நீங்க என்ன செய்வீய. அந்த அவசரம் கிதியோனுடையது இல்லை. அவன் நிதானமாகத்தான் பெல்ட்டை எடுத்தான்.

ஐந்தாவது. உள்ளங்கையை வேட்டியில் துடைத்தார். வகுப்பில் சேர்ந்த மூன்றாம் மாதம், முதல்முறையாக ஒரு பாட்டை முழுசாக வாசிக்கப் போகையில், உங்கள் வேலையில் ஆரம்பிக்கும் முன்னால் என்ன கேட்பார்கள் மாமா என்று ஹெப்சி விளையாட்டாகக் கேட்டாள். ஏதாவது சொல்லியிருக்கலாம். வாய் தானாகத் திறந்து, எல்லாரும் எறங்கியாச்சான்னு கேப்பாவ என்றது. அவளுக்கு அது ரொம்பப் பிடித்துப் போயிற்று. அதிலிருந்து சனிக்கிழமைதோறும், வாசிக்கத் தொடங்குமுன், மாமா எல்லாரும் எறங்கியாச்சா என்று அவள் கேட்பாள். ஆச்சு என்று அவர் சொல்ல வேண்டும். அவர் சொன்னால்தான் அவள் தாளம் போடுவாள். எத்தனை சனிக்கிழமை. அன்றைக்கு மில்லில் ஒரே ஒரு தடவை சொன்னதை, செத்தவனின் மகளிடம் வாராவாரம் சொல்லிக்கொண்டிருக்கிறார், அவளும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்கிறாள். சொல்லும்போதெல்லாம் மேலே சட்டத்தில் யாரோ உட்கார்ந்து காலை மாற்றிப்போடுகிற சத்தம் கேட்கும். புறாவாக இருக்கும். பார்த்தால் தெரிந்துவிடும். அதனால்தான் பார்ப்பதில்லை. வீட்டில் தனியாக வாசிக்கும்போதும் கேட்கும், கூடவே அந்தப் பாட்டு முணுமுணுப்பும், அங்கே சட்டமும் இல்லை, புறாவும் இல்லை. எஃப் கார்டில் விரல் வழுக்கும்போது மட்டும் மேலே முணுமுணுப்பு நின்றுபோகும். அவனுக்குத் தப்பு பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் யாராவது சுருதி தவறினால் கிதியோன் முணுமுணுப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பானாம். சற்குணம் சொன்னது. கோபமாகப் பார்க்க மாட்டானாம், சும்மா பார்ப்பானாம்.

போன சனிக்கிழமைதான் எல்லாவற்றையும் கெடுத்தது. பிள்ளைகள் போனபிறகு ஹெப்சி ஒரு பழைய பாட்டுப் புத்தகத்தை விரித்து, அசனத்தன்று இதை நாம் இரண்டு பேருமாக வாசிப்போம் என்றாள். பார்த்ததும் தெரிந்துவிட்டது, அன்றைக்குக் கிதியோன் முணுமுணுத்த வேப்பமரத்தடிப் பாட்டு. அப்பாவுக்குப் பிடித்த பாட்டாம், ஆனால் தான் இதுவரை ஒருமுறைகூட வாசித்ததில்லை என்றாள். ஏன் என்று அவர் கேட்டிருக்கவே கூடாது. அவள் கம்பியைத் திருகிக்கொண்டே, குரலை உயர்த்தாமல், நாளைக்கு மழை வரும் என்கிற மாதிரிச் சொன்னாள்.

"அப்பா மேல எனக்குக் கோவம் மாமா. எறங்குனவரு எதுக்கு மறுபடி ஏறணும்? ஒரு பெல்ட்டப் போட்டுட்டு ஏறுததுக்கு எம்புட்டு நேரமாயிரும்? எங்கள ஒரு நிமிசம் நெனச்சிருந்தா போட்டிருப்பாருல்லா."

அவர் பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். சைக்கிளை உருட்டிக்கொண்டே வீட்டுக்கு நடந்தார், ஏறி மிதிக்கத் தோன்றவில்லை. இத்தனை வருஷமும் தன் பொய் தன் நெஞ்சில்தான் கிடக்கிறது, தன்னைத்தான் அரிக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தார், அதில் ஒரு சுகம்கூட இருந்தது, தண்டனை அனுபவிக்கிறோம் என்கிற சுகம். அது அங்கே கிடக்கவில்லை. அந்தப் பெண்ணின் நெஞ்சில் அப்பன் இருக்க வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. அவள் அப்பனை வெறுக்கக் கற்றுக்கொடுத்தது அவர். அவளோ அவருக்கு எஃப் கார்டு கற்றுக்கொடுக்கிறாள், கட்டைவிரலைப் பின்னால் கொண்டுபோங்க மாமா, அவசரமே இல்ல என்று. இந்த வாரம் முழுக்க வீட்டில் வாசித்தார். நேசம் காதைப் பொத்திக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். நாலு இடத்தில் எஃப், மூன்று இடத்தில் வந்துவிட்டது. நன்றாக வாசித்துவிட்டால், அந்தப் பாட்டை அவளுக்கு ஒரு பழுதில்லாமல் கொடுத்துவிட்டால், அதுவே ஒருவிதத்தில் சொன்னதுபோல ஆகாதா என்று ஒரு நப்பாசை. ஆகாது. பாட்டு பாட்டுதான், அதில் பெல்ட் எங்கே வருகிறது. நேற்று ராத்திரி நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், நிஜமாகவே காய்ச்சல் வந்துவிடாதா என்று. சில்லென்று இருந்தது.

கைதட்டல் கேட்டது. பெஞ்சில் யாரும் இல்லை. ஆறும் போய்விட்டன. ஹெப்சி மைக்கைப் பிடித்து, எங்கள் வகுப்பில் ஆக வயசு கூடின மாணவர் என்று அவர் பேரைச் சொன்னாள். மண்டபம் சிரித்துக்கொண்டே கைதட்டியது. மூன்று படி. இரண்டு நாற்காலி, இரண்டு மைக். அவள் கையில் இருந்தது கிதியோனின் கிட்டார், ஓரம் தேய்ந்து உள்மரம் தெரிகிறது, அவன் முழங்கை பட்டுப் பட்டுத் தேய்ந்தது. அவர் உட்கார்ந்தார். கீழே முந்நூறு முகம், மூன்றாவது வரிசையில் வெள்ளைச் சேலை. இடது கையை எஃப்புக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார், விரல் அழகாகப் படுத்தது, இவ்வளவு நாள் படுக்காத விரல். வாசித்துவிடலாம். ஐந்து நிமிஷம், பிறகு கைதட்டல், பிறகு பந்தி, சற்குணம் பக்கத்தில் வந்து இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றச் சொல்வாள், பிறகு அடுத்த சனிக்கிழமை. அவர் புறங்கை கம்பியைத் தொட்டு எடுத்தது. அதே நேரத்தில் பக்கத்தில் ஹெப்சியின் புறங்கையும் தொட்டு எடுத்தது. அவளுக்கு அது எப்போது பழக்கமானது என்று அவர் கவனிக்கவே இல்லை. அவள் மைக் பக்கம் குனிந்து, இது எங்கள் வகுப்பு வழக்கம், மாமா பதில் சொன்னால்தான் பாட்டு தொடங்கும் என்று சபைக்குச் சொன்னாள். பிறகு அவரைப் பார்த்துத் திரும்பினாள்.

"மாமா, எல்லாரும் எறங்கியாச்சா?"

மண்டபம் மறுபடி சிரித்தது. ஆச்சு என்ற வார்த்தை பல்லுக்குப் பின்னால் தயாராக வந்து நின்றது. அவ்வளவு பழகின வார்த்தை. வேதமாணிக்கம் தலையைத் தூக்கினார். கழுத்து வலிக்கவில்லை. இரும்புச் சட்டம் அங்கேயே இருந்தது, போன பண்டிகைக்குக் கட்டின காகிதத் தோரணத்தில் ஒரு துண்டு, புறா எச்சம், மின்விசிறிக் காற்றில் ஆடுகிற ஒட்டடை. வேறு ஒன்றும் இல்லை. அவர் குனிந்து மைக்குக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனார். ரைஸ்மில் போனில் இருந்த அதே எண்ணெய் வாடை இதிலும் அடித்தது.

"இல்லம்மா. ஒருத்தன் இன்னும் மேல இருக்கான்."

சிரிப்பு கொஞ்ச நேரம் தொடர்ந்தது, வேடிக்கை என்று நினைத்தவர்களுடைய சிரிப்பு. மூன்றாவது வரிசையில் சற்குணம் எழுந்து நின்றாள். வேதாகமம் மடியிலிருந்து கீழே விழுந்ததை அவள் எடுக்கவில்லை. ஹெப்சி தாளம் போடத் தூக்கின கையை அப்படியே வைத்திருந்தாள்.

"உங்கப்பா பெல்ட்ட எடுத்தாம்மா. கையில எடுத்துட்டான். நான்தான் எதுக்குலன்னு கேட்டு, வேண்டாம்னு ஏறச் சொன்னேன்."

தூக்கின கை இறங்கி அப்பாவின் கிட்டார் மேல் விழுந்தது. உள்ளங்கை முழுசாகக் கம்பிகளில் பட்டு, அவற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.